மதுக்கரையிலிருந்து பவாய் வரை



‘எல் அண்ட் டி’ என்ற பெயரை மும்பைத் தமிழர்கள் அனைவரும் அறிவோம். பாலார்டு எஸ்டேட்டில் அதன் தலைமையகம், பவாயில் தொழிற்சாலை. ஆனால் அந்தப் பெயருக்குரிய லார்சனும் டூப்ரோவும் யார் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹென்னிங் ஹோல்க்-லார்சன், சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ ஆகிய இருவரும் டென்மார்க் நாட்டுப் பொறியாளர்கள். சிமெண்ட் ஆலை இயந்திரங்கள் தயாரிக்கும் டேனிஷ் நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தவர்கள். டூப்ரோ 1934-ல் இந்தியா வந்தது நம் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை சிமெண்ட் ஆலை வேலைக்காகத்தான். 1938-ல் இருவரும் சேர்ந்து பம்பாயில் சொந்தமாகத் தொழில் தொடங்கினர். முதல் அலுவலக அறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார்ந்து வேலை செய்ய இடமிருந்ததாம்!

டென்மார்க்கிலிருந்து பால்பண்ணை இயந்திரங்களைத் தருவித்து விற்பதே முதலில் அவர்கள் தொழில். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும் சரக்கு வருவது நின்றது. கடையை மூடியிருக்கலாம். அவர்களோ சிறு பட்டறை ஒன்றை வைத்து, வெளிநாட்டிலிருந்து வந்ததை இங்கேயே செய்யத் தொடங்கினர். போர்க்காலத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையும் கிடைத்தது. 1944-ல் கட்டுமானப் பணிக்கென ஈ.சி.சி. என்ற தனி நிறுவனம் பிறந்தது. சதுப்பும் புதருமாய்க் கிடந்த பவாயில் 1948-ல் தொழிற்சாலைக்கு நிலம் கிடைத்தது. 1950-ல் இது பொதுப் பங்கு நிறுவனமாயிற்று.

இத்தகைய நிறுவனத்தின் வேலைமுறை என்ன? வரைபடம், பொருள் கொள்முதல், கட்டுமானம் ஆகிய மூன்றையும் ஒரே பொறுப்பில் ஏற்பது. மூன்றையும் மூவரிடம் கொடுத்தால், தாமதம் வரும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். இரயில்வேயில் இருந்த எங்களுக்கு இது நன்றாகவே தெரியும்! தில்லி தாமரைக் கோயில் (1986), நர்மதைக் கரையில் 182 மீட்டர் உயர வல்லபாய் படேல் சிலை (2018), நம் சிவ்ரியிலிருந்து நவசேவா செல்லும் அடல் சேது கடற்பாலத்தின் பெரும்பகுதி (2024) ஆகியவை இந்த நிறுவனத்தின் பணிகள். கட்டுமானப் பிரிவின் தலைமையிடம் சென்னை மணப்பாக்கம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வீடுகள் தாராவியிலும் உண்டு, செம்பூரிலும் உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ என்றால் முகம் சுளிக்கிறோம். லார்சனும் டூப்ரோவும் படித்த பொறியாளர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் சரக்குக் கப்பல் வராத காலத்தில் அவர்களைக் காப்பாற்றியது பட்டறை. ஃபிட்டரும் வெல்டரும் டர்னரும் இல்லாமல் பட்டறை ஏது? டிப்ளமோ படிப்பைக் கொண்டே குடும்பத்தைக் கரையேற்றியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள். அவன் கற்ற வேலை அவனைக் கைவிடாது.