கடல் கடந்தோர் கணக்கு

பொருள் தேடிப் பிறந்த நாட்டைப் பிரிந்து செல்வது மக்கட்குலத்திற்குப் புதிய செயல் அன்று. நம் பழந்தமிழ் இலக்கண நூலார் பிரிவின் வகைகளை வரையறுத்தபோது பொருள்வயிற் பிரிவு என ஒன்றனைத் தனியே வகுத்தனர். கடல்வழிச் செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் குறிக்கின்றது. பிரிந்து செல்பவன் ஈட்டும் பொருளை மட்டுமன்றி, அவன் வரவு நோக்கி வீட்டில் இருப்பவளின் உள்ளத்தையும் சங்கச் சான்றோர் விரிவாகப் பாடினர். பிரிவு என்பது சென்றவன் ஒருவனோடு முடிவதில்லை. அவன் குடும்பம் முழுவதையும் பற்றுவது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இவ்வுண்மையை இந்நாளில் வேறொரு வகையால் ஆராய்கின்றவர் மக்கள்தொகை ஆராய்ச்சியாளர். எத்தனை பேர் சென்றனர்? எந்நாட்டிற்குச் சென்றனர்? எவ்வளவு கடன்பட்டுச் சென்றனர்? என்ன ஈட்டினர்? அவர்தம் வீட்டில் இருப்போர் நிலை யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே அவர்கள் தொழில். எனினும் கடல் கடந்தோரைக் கணக்கெடுக்கும் வழக்கம் அவர்களுக்கு முன்பே நம் நாட்டில் இருந்தது. அந்தக் கணக்கு ஒருவகை. இந்தக் கணக்கு மற்றொருவகை. இரண்டனுள்ளும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

பழைய கணக்கினை முதலிற் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட தீவுகளிலும் நாடுகளிலும் அடிமை முறை 1834 ஆம் ஆண்டிலிருந்து ஒழியத் தொடங்கியது. கரும்புத் தோட்ட முதலாளிகள் வேலைக்கு ஆள் தேடி இந்தியாவை நாடினர். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் 'அட்லசு' என்னும் கப்பல் 36 ஒப்பந்தக் கூலிகளுடன் கல்கத்தாவிலிருந்து மொரீசியசுத் தீவை அடைந்தது. 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் உள்ள தர்பன் துறைமுகத்தை எய்தியது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் கப்பல்கள் வந்தவண்ணம் இருந்தன.

நேட்டாலுக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அவர் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகிய யாவும் பதிவேட்டில் எழுதப்பட்டன. இத்துணை நுட்பமான கணக்கினை அந்நாளில் நம் ஊர்களில் பெருநிலக்கிழார்க்கும் எவரும் எழுதி வைத்திலர். ஆனால் அக்கணக்கு எழுதப்பட்டது எதற்காக? ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஒருவர் ஓடினால், தழும்பைக் கொண்டு அடையாளம் கண்டு பிடித்து வருவதற்கு அது பயன்பட்டது. ஊரில் அவர் விட்டுவந்த தாய்க்கு உணவு உண்டா, பட்ட கடன் தீர்ந்ததா என்னும் வினாக்களுக்கு அவ்வேட்டில் இடம் இல்லை.

இலங்கைத் தோட்டங்களில் கங்காணி முறை நிலவியது. கங்காணி தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் திரட்டி அழைத்துச் செல்வான். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு அவர்கள் மாறவேண்டுமாயின், கடன்தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு உடன்செல்லும். அத்தொகையைச் செலுத்தும் தோட்டமே அவர்களைப் பெறும். இத்துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறையோ, கோகலே, காந்தியடிகள், ஆண்ட்ரூசு முதலிய பெரியோர் ஆற்றிய தொண்டின் பயனாக 1917 இல் நிறுத்தப்பட்டது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்டிர் பட்ட துயரைப் பாரதியார் பாடியதும் இக்காலத்தேயாம்.

பழைய பதிவேடுகள் இன்று வேறொரு பயனையும் தருகின்றன. அக்கூலிகளின் வழித்தோன்றல்கள் அவ்வேடுகளைப் புரட்டித் தம் முன்னோர் பிறந்த ஊரினைத் தேடுகின்றனர். முதலாளியின் நன்மைக்காக எழுதிய எழுத்து, ஏழையின் பேரனுக்கு ஊர்ப்பெயரைத் திருப்பிக் கொடுத்தது. இஃது எழுதினோர் எண்ணாத பயன்.

இனி, புதிய பிரிவினைக் காண்போம். 1973 இல் பெட்ரோலிய எண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்தது. அரபு நாடுகளில் செல்வம் பெருகிற்று. சாலைகளும் துறைமுகங்களும் மாளிகைகளும் எழுந்தன. அவற்றைக் கட்டுதற்கு ஆள் வேண்டப்பட்டது. கேரளத்தில் கல்வி பெருகியிருந்தது, வேலையோ குறைவு. ஆகவே அந்நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கில் வளைகுடாவை நோக்கிச் சென்றனர். இவர்களை எவரும் கப்பலில் ஏற்றிச் செல்லவில்லை. தாமே கடன் வாங்கி, கடவுச்சீட்டுப் பெற்று, வானூர்தியில் ஏறினர். ஆயினும் வேலை கொடுத்தவரையே தங்கும் உரிமைக்கும் சார்ந்திருக்க வேண்டிய நிலை ஆங்குப் பலர்க்கு நேர்ந்தது.

விரும்பிச் சென்றோரைப் பற்றி முழுமையான பதிவேடு இல்லை. 1983 இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதாயின் அரசின் அனுமதி பெறல் வேண்டும். ஏனையோர் கணக்கு அதில் ஏறுவதில்லை. திரும்பி வந்தோர் கணக்கும் இல்லை. வங்கிகளுக்கு வந்த பணம் தெரிந்தது. பணத்தை அனுப்பிய மனிதரின் நிலை தெரியவில்லை. 1990 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்தினுள் புகுந்தது. அங்கிருந்த நம் நாட்டவருள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோரை இந்திய அரசு சோர்தான் நாட்டின் அம்மான் நகர் வழியாக வானூர்திகளில் மீட்டது. அது பெருஞ்செயல். ஆனால் கையிற் பொருளின்றி வந்திறங்கியோர் எத்தகைய வீட்டிற்குச் சென்றனர், என்ன கடன் அவர்களை எதிர்நோக்கி நின்றது என்பனவற்றை வங்கிக் கணக்கு கூறவல்லதன்று.

இக்குறையை நீக்க முற்பட்டவர்கள் திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த அறிஞர்கள். கே. சி. சக்கரியா, எஸ். இருதயராசன் முதலியோர் 1998 இல் கேரளக் குடிபெயர்வு ஆய்வினைத் தொடங்கினர். விமான நிலையத்தில் நின்று எண்ணுவதை விடுத்து, வீட்டு வாயிலில் நின்று கேட்டனர். 'இவ்வீட்டிலிருந்து வெளிநாடு சென்றவர் எவர்? சென்று திரும்பியவர் எவர்? செலவுக்குப் பணம் எவ்வாறு கிடைத்தது? அவர் அனுப்பும் பொருள் எதற்குச் செலவாகின்றது?' என்பன போன்ற வினாக்களைத் தொடுத்தனர்.

அறுபது இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள மாநிலத்தில் ஏறத்தாழ 10,000 வீடுகளிலேயே அவர்கள் கேட்டறிந்தனர். அது போதுமோ என்னும் ஐயம் எழலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆயினும் பானையின் மேற்புறத்துச் சோற்றை மட்டும் பார்ப்பவள் ஏமாறுவாள். அடிவரை துழாவி எடுத்துப் பார்ப்பவளே பதம் அறிவாள். அதுபோல, எல்லா மாவட்டங்களிலிருந்தும், நகரங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும், ஒருவர் விருப்பு வெறுப்பிற்கு இடமின்றி வீடுகளைத் தேர்ந்தெடுத்தலே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

கண்ட முடிவுகள் சிலவற்றை நோக்குக. 1998 இல் கேரளத்திலிருந்து வெளிநாட்டில் இருந்தோர் ஏறத்தாழ 13.6 இலட்சம் பேர். 2013 இல் அத்தொகை 24 இலட்சமாயிற்று. 2018 இல் 21.2 இலட்சமாகக் குறைந்தது. 2023 இல் 22 இலட்சம் ஆயிற்று. அனுப்பிய பணமோ 2018 இல் 85,092 கோடி ரூபாய். 2023 இல் 2 இலட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஆள் தொகை சிறிதே கூட, பணம் இரண்டரை மடங்கு ஆனது எவ்வாறு? ரூபாயின் மாற்று மதிப்புக் குறைந்தமை ஒரு காரணம். கல்வியும் தொழிற்றிறனும் மிக்கோர் மிகுதியாகச் சென்றமை மற்றொரு காரணம். வெளிநாடு சென்றோருள் மகளிர் 2018 இல் நூற்றுக்கு 15.8 பேராக இருந்து, 2023 இல் 19.1 பேராயினர். செவிலியராகக் கடல் கடக்கும் கேரள மகளிர் பலராவர். முந்நீர் கடத்தலை ஆடவர்க்கே உரித்தாகக் கண்ட பண்டை வழக்கு மாறிவிட்டது. கற்கச் செல்லும் மாணவர் தொகையும் அவ்வைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்காயிற்று.

பெருந்தொகையைக் கேட்டவுடன், சென்றோர் யாவரும் செல்வராயினர் என்று எண்ணுதல் கூடாது. ஓர் இளைஞன் 2 இலட்சம் ரூபாய் கடன் வாங்கிச் சென்று, திங்கள்தோறும் 20,000 ரூபாய் அனுப்புகின்றான் என்று கொள்வோம். முதற் பத்துத் திங்களின் உழைப்பு முழுவதும், வட்டியை விடுத்துப் பார்த்தாலும், கடனுக்கே செல்லும். அப்பத்துத் திங்களுக்குள் நோய் வந்தாலோ வேலை போனாலோ, அவன் சென்ற அன்றினும் ஏழையாகத் திரும்புவான். வங்கியின் ஏடு அவன் அனுப்பிய 2 இலட்சத்தை வரவு என்றே காட்டும். வீட்டு வாயிலிற் கேட்போர்க்கே அதற்கு எதிரான பற்றும் விளங்கும்.

வீட்டில் இருக்கும் மகளிரைப் பற்றியும் நல்லாராய்ச்சிகள் உள. லீலா குலாத்தி என்னும் அறிஞர், கணவர் வெளிநாட்டிலிருக்கும் கேரளப் பெண்டிர் சிலருடன் நெருங்கிப் பழகி, 1993 இல் ஒரு நூல் வெளியிட்டார். வங்கிக்குச் செல்லுதல், கடனை அடைத்தல், வீடு கட்டுதல், பிள்ளைகளைப் படிக்க வைத்தல் ஆகிய பொறுப்புகள் அவர்கள்மேல் வீழ்ந்தன. தனிமையும் கவலையும் வருத்தியபோதும், அப்பொறுப்புகளாலேயே பலர் துணிவும் உலகியலறிவும் பெற்றனர். பிரிவு துன்பம் மட்டும் தருவது எனவும், இன்பம் மட்டும் தருவது எனவும் ஒருதலையாகக் கூற இயலாமையை இது காட்டுகின்றது.

இத்தகைய ஆராய்ச்சியின் பயன் ஏட்டளவில் நில்லாது. கேரள அரசு 1996 இல் வெளிநாடு வாழ் கேரளியர்க்கென ஒரு துறையினை அமைத்தது; 2008 இல் இயற்றிய சட்டத்தின் வழி நலவாரியமும் ஓய்வூதியமும் அமைந்தன. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியோர் 2018 இல் 12 இலட்சமாக இருந்து 2023 இல் 18 இலட்சமாயினர் என்று ஆய்வு கூறுகின்றது. இத்தொகையை அறியாத அரசு, அவர்களுள் எத்தனை பேர்க்கு வேலையும் எத்தனை பேர்க்கு மருத்துவமும் வேண்டும் என்பதை எவ்வாறு அறியும்? தமிழ்நாட்டிலும் இம்முறையைப் பின்பற்றி 2015 இல் 20,000 வீடுகளில் ஆய்வு நடந்தது. கடல் கடந்த தமிழ்நாட்டினர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் என்றும், அவருள் மிகுதியானோர் வாழ்ந்த நாடு சிங்கப்பூர் என்றும் அஃது அறிவித்தது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. வாயிலிற் கேட்கும்போது விடை கூற உள்ளே ஒருவர் இருத்தல் வேண்டும். குடும்பம் முழுவதும் வெளிநாடு சென்றுவிட்டால், அவ்வீடு பூட்டிக் கிடக்கும். அவர்களைப் பற்றி உரைப்பார் எவரும் இலர். ஆகவே ஆய்வு கூறும் தொகையினும் உண்மைத் தொகை சற்று மிகுந்தே இருக்கும். தம் கருவியின் குறையைத் தாமே எடுத்துரைப்பது நல்லாராய்ச்சியாளர்க்கு இலக்கணம்.

மாணவர்களே! உங்கள் தெருவிலும் பூட்டிய வீடு ஒன்று இருக்கலாம். மகன் அனுப்பும் பணத்தைப் பெற்றும் அவன் குரலுக்கு ஏங்கும் முதியோர் இருக்கலாம். நாளை நீங்களே கடல் கடக்கவும் நேரலாம். அன்று, செல்லும் நாடு, செய்யும் தொழில், பெறும் ஊதியம், படும் கடன் ஆகிய நான்கினையும் தெளிய எழுதி, ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். பண்டு கூலியாகச் சென்றோரின் கணக்கு முதலாளியின் கையில் இருந்தது. அதனால் அவர்கள் அவனுக்கு உடைமை போல ஆயினர். தம் கணக்கைத் தாமும், தம் வீட்டாரும், தம் நாட்டாரும் அறிய வைத்திருப்போரே தொலைவில் இருந்தும் உரிமையோடு வாழ்வர்.