ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையில் சைக்கிள்

வெளிநாட்டு மேல்படிப்பை நாடும் நம் பிள்ளைகளில் பலர் ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக்குப் போகிறார்கள். அதில் பரீட்சகருடன் 11 முதல் 14 நிமிடம் வரை நேரில் பேச வேண்டும். முதற்பகுதியில் கேட்பவை வீடு, ஊர், சைக்கிள் போன்ற சாதாரண விஷயங்களே. "சைக்கிள் விடுவீர்களா?" என்றால் "எஸ்" என்று மட்டும் சொல்லி வாய்மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கடைக்கு வந்தவரிடம் "அரிசி இருக்கிறது" என்று மட்டும் சொல்லி நிற்போமா நாம்? ரகம், விலை, பழசா புதுசா என்று தொடர்ந்து பேசமாட்டோமா?

பரீட்சகர் சோதிப்பது சைக்கிளைப் பற்றிய அறிவையன்று. தடங்கலில்லாத பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கையே. தமிழில் காரையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்திலோ காருக்கு 'டிரைவ்', சைக்கிளுக்கு 'ரைட்'. நேற்று ஓட்டியதென்றால் 'ரோட்'. நம்மவர் சறுக்கும் இடம் இதுதான்.

சொல்ல விஷயமில்லை என்று பிள்ளை சொன்னால் பாட்டனாரிடம் அனுப்புங்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சைக்கிளில் பெட்டி கட்டித் தெருத்தெருவாய் ரொட்டி விற்றவர்களில் நம்மவர் பலர். அந்தக் கதையைத் தமிழில் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொல்லிப் பார்க்கட்டும். மனப்பாடம் வேண்டாம், கேள்வி சற்று மாறினால் அது கைவிட்டுவிடும். இரவு கடை அடைத்தபின் கால்மணி நேரம் நாமே கேள்வி கேட்கலாம். நம் ஆங்கிலம் அரைகுறையானால் என்ன, பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதானே!