வால்வும் பிஸ்டனும் மோதாதிருக்க

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வேகமே. அவ்வேகத்தை ஈனும் எஞ்சினுக்குள்ளே, பிஸ்டனின் தலைக்கும் வால்வின் முகத்திற்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டர் வெளி உண்டா என்று யாரோ ஒருவர் பொறுமையாக அளந்திருக்கிறார் என்பதை நாம் எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை. அதன் பலனை அனுபவித்த பின்னரே கற்றுக்கொண்டேன். கற்றதை நம் சங்கத்து நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெஹாலாவில், டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றிலுள்ள பட்டறைக்கு விடுமுறையில் வேலை பழகச் சென்றிருந்தேன். அங்கே பழைய அம்பாசடர் காரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பந்தயத்திற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அம்பாசடரை ஈன்ற தொழிற்சாலை ஹூக்ளி ஆற்றின் அக்கரையில் உத்தர்பாராவில் 2014 வரை இயங்கியது என்பதால், அவ்வூர் மிஸ்திரிகளுக்கு இந்த எஞ்சின் தம் வீட்டுப் பிள்ளை மாதிரி. அழுத்தத்தை உயர்த்த ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியிருந்தார்கள். பந்தயக் கேம் தண்டு ஒன்றையும் பொருத்தியிருந்தார்கள். "வால்வு இடிக்குமா, பார்த்துச் சொல்" என்றார் தலைமை மிஸ்திரி.

நான் பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்தினேன். இன்லெட் வால்வை அது பிஸ்டனைத் தொடும்வரை கையால் அழுத்தினேன். 1.5 மி.மீ. நகர்ந்தது. "இடம் இருக்கிறது, தாதா" என்றேன். எஞ்சின் பூட்டப்பட்டது. மெதுவாக ஓடியபோது குறையொன்றும் தெரியவில்லை. உயர் வேகத்தில் ஓட்டிய அன்று உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாம் சிலிண்டரின் இன்லெட் வால்வு வளைந்திருந்தது. பிஸ்டனின் தலையில் பிறைபோல் ஒரு தழும்பு. மிஸ்திரி என்னைக் கடியவில்லை. "அளந்தாய், ஆனால் அளக்க வேண்டிய இடத்தில் அளக்கவில்லை" என்றார். அந்த ஒரு சொல்லில் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது.

அளக்க வேண்டிய இடம் எது? நாற்கட்ட எஞ்சினில், புகையை வெளித்தள்ளி முடிக்கும் பிஸ்டன் மேல் உச்சியை நெருங்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டிருக்கும். அது முழுவதும் மூடுமுன்னரே இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கும். இரண்டும் ஒருங்கே திறந்திருக்கும் இந்த இடைவேளை சாலைக் காரில் சிறியது. பந்தயக் கேமில் மிகப் பெரியது. எக்ஸாஸ்ட் வால்வு மேலேறி ஒதுங்க, பிஸ்டன் அதைப் பின்னாலேயே துரத்தி வருகிறது. உச்சியைத் தாண்டியதும் பிஸ்டன் கீழிறங்க, இன்லெட் வால்வு அதனைத் துரத்துகிறது. ஆகையால் இரண்டும் மிக நெருங்குவது உச்சியில் அன்று. எக்ஸாஸ்ட் பக்கம் உச்சிக்கு ஏறத்தாழ 10 பாகை முன்னும், இன்லெட் பக்கம் ஏறத்தாழ 10 பாகை பின்னும் அந்நெருக்கம் நிகழும். நான் உச்சியில் 1.5 மி.மீ. கண்டேன், 10 பாகை கடந்து அளந்தபோது இருந்ததோ 0.8 மி.மீ. தான்.

0.8 மி.மீ. என்றாலும் வெளிதானே என்று கேட்கலாம். நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அவ்வேகத்தில் கனெக்டிங் ராடு சிறிது நீளும். வெப்பத்தால் பிஸ்டன் விரியும். வால்வின் சுருள்வில் சற்றே தளர்ந்தாலும் வால்வு கேமின் வழியே செல்லாமல் பிந்தும். கையால் சுற்றும்போது காணும் வெளியை இவை ஒவ்வொன்றும் தின்கின்றன. எனவேதான் இன்லெட் பக்கம் சுமார் 2 மி.மீ., பிஸ்டனால் துரத்தப்படுவதும் அதிகச் சூடேறுவதுமான எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மி.மீ., வால்வின் விளிம்பைச் சுற்றிலும் சுமார் 1.5 மி.மீ. வெளி வேண்டும் என்பது பட்டறை வழக்கு.

இதனை அளக்கும் முறை எளிது. பிள்ளைகள் உருவம் செய்து விளையாடும் மெழுகுக் களியைப் பட்டையாக்கிப் பிஸ்டனின் தலையில் வால்வு இறங்கும் இடத்தில் ஒட்டவேண்டும். ஒட்டிக்கொள்ளாமலிருக்க வால்வின் முகத்தில் எண்ணெய் தடவவேண்டும். அழுந்திப்போன பழைய ஹெட் கேஸ்கட்டை வைத்து ஹெட்டை முறைப்படி முடுக்கி, கிராங்க் தண்டைக் கையால் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். எங்கேனும் தடுத்தால் வலிந்து திருப்பலாகாது. பின்னர் ஹெட்டைக் கழற்றிக் களியைப் பிளேடால் அறுத்து, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளந்தால் அதுவே உண்மையான வெளி. துர்க்கையம்மனைக் களிமண்ணில் வடிக்கும் ஊரில் எஞ்சினுக்கும் களியே சாட்சி சொல்வதை எண்ணி வியந்தேன். நான்கு சிலிண்டரையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். ஒன்றைப் பார்த்து மூன்றுக்கும் தீர்ப்புக் கூறலாகாது.

எங்கள் எஞ்சினில் எக்ஸாஸ்ட் பக்கம் 2.6 மி.மீ. இருந்தது. கேமைச் சற்று முன்தள்ளிப் பொருத்தியதால் இன்லெட் வால்வு முந்தித் திறந்து, குறை முழுவதும் அப்பக்கமே விழுந்திருந்தது. கேமைப் பின்தள்ளினால் வெளி கூடும். ஆனால் நாங்கள் விரும்பிய வேகத்தில் விசை கிட்டாது. ஆகவே பிஸ்டனின் தலையில் இன்லெட் வால்வுக்கு மட்டும் 1.3 மி.மீ. ஆழத்திற்குக் குழி வெட்டுவதென முடிவாயிற்று. எக்ஸாஸ்ட் பக்கத்தைத் தொடவில்லை. வேண்டாத இடத்தில் வெட்டுவது எஞ்சினுக்குக் கேடு.

ஏன் கேடு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த எஞ்சினின் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 372 கன செ.மீ. அழுத்த விகிதம் 9 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 46.5 கன செ.மீ. நாங்கள் போட்டிருந்த 38 மி.மீ. வால்வுக்குச் சுற்றுவெளி சேர்த்து 41 மி.மீ. விட்டமுள்ள குழி 1.3 மி.மீ. ஆழம் வெட்டினால், 1.7 கன செ.மீ. கூடுகிறது. விகிதம் 8.7 ஆக இறங்குகிறது. ஹெட்டைச் சீவிச் சேர்த்ததில் ஒரு பங்கு குழியில் கரைந்துவிடுகிறது. அதனினும் பெரிது உலோகத்தின் கனம். குழிக்கு அடியில் குறைந்தது 5 மி.மீ. கனம் நிற்கவேண்டும், முதல் வளையத்தின் பள்ளத்திற்கு அருகிலும் சுவர் மெலிந்துவிடலாகாது. எங்கள் பிஸ்டனில் 8 மி.மீ. இருந்ததால் துணிந்தோம். இல்லையேல் வேறு பிஸ்டன்தான் தேடியிருக்கவேண்டும்.

குழியின் நடுவை அறிய, ஹெட்டைப் பொருத்தி வால்வின் வழிகாட்டிக் குழலுக்குள் கூரிய கம்பியை இறக்கிப் பிஸ்டன்மேல் புள்ளி குத்தினோம். பின்னர் மில்லிங் பொறியில் வெட்டினோம். கூர்மையான விளிம்பு சூடேறிச் செந்தணலாகி, மின்பொறி தோன்றுமுன்னே கலவையைப் பற்றவைத்துவிடும். ஆகவே விளிம்புகளையெல்லாம் உரசி வழவழப்பாக்கினோம். நான்கு பிஸ்டனையும் நிறுத்து, எடை ஒரு கிராமுக்குள் ஒத்திருக்கச் செய்தோம். ஒவ்வொன்றும் தன் சிலிண்டருக்கே, தன் திசையிலேயே திரும்பியது. மறுபடியும் களி வைத்து அளந்தோம். இன்லெட் பக்கம் 2.1 மி.மீ.

சென்னையை அடுத்த சோழவரம் விமானத் திடலில் கார்கள் பறந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அங்கே சாலைக் கார்களான ஃபியட்டும் ஹெரால்டும் மாற்றியமைக்கப்பட்டு ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடமே வந்துவிட்டது. சாலைக் காரின் எஞ்சினைப் பந்தயத்திற்குத் திருத்துவோர் எவரும் இந்த இரண்டு மில்லிமீட்டரைச் சந்தித்தே ஆகவேண்டும். எஞ்சினைப் புதிதாய்ப் படைப்போர்க்கும் இதே கவலைதான். கீத் டக்வொர்த் வடிவமைத்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின், 1967இல் சாண்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க் ஓட்டிய காரில் தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. அதன் வால்வுகளுக்கிடையே கோணம் 32 பாகையே. வால்வுகள் அதிகம் சாயாததால் பிஸ்டனின் தலை ஏறக்குறையத் தட்டையாக அமைந்தது. வால்வுக்கான குழிகளும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் இடம்பெற்றன. நாங்கள் பின்னால் வெட்டித் திருத்தியதை அவர் முன்னாலேயே எண்ணி வரைந்தார்.

அம்பாசடர் எஞ்சின் மறுமுறை உயர் வேகத்தில் ஓடியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓசை எழவில்லை. குழி வெட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. அளக்க இரண்டு நாள் ஆயிற்று. முதலிலேயே அந்த இரண்டு நாளைச் செலவிட்டிருந்தால் ஒரு வால்வு மிஞ்சியிருக்கும். நண்பர்களே, எஞ்சின் நின்றிருக்கும் இடத்தில் அளப்பது எளிது. மோதும் இடத்தைத் தேடி அளப்பதே கல்வி. வளைந்த அந்த வால்வை மிஸ்திரி என்னிடமே கொடுத்துவிட்டார். இன்று அது என் மேசைமேல் இருக்கிறது.