ஏழு வாரம் நான் கொடுத்த பால்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 26 வருஷமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். அளவு தப்பினால் பீஸைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஃபிக்ஸ்சரில் பிசிறு ஒட்டியிருக்கிறதா என்று பார். புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். சொந்த மகள் விஷயத்தில் அது எனக்கே மறந்துபோனது. ஐ.டி.பி. என்ற மூன்றெழுத்தோடு வீட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். அத்தோடு, எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேராவது படிக்கட்டும் என்றும்தான்.

ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்றுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், வயது 20. ஐப்பசி மழை நேரம். பல் தேய்த்தால் ரத்தம், கணுக்காலுக்கு மேலே கடுகைத் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். மாதவிலக்கு பதினோரு நாளாக நிற்கவில்லை. அதை அம்மாவிடம்கூட அவள் எட்டாவது நாள்தான் சொன்னாள். எனக்குத் தெரிந்தது அதற்கும் பிறகு. பிளேட்லெட் கவுண்ட் 9,000. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக்கூடாதது. ஆவடி, அம்பத்தூர் பக்கம் அந்த மாதத்தில் பிளேட்லெட் குறைந்தால் யாரும் யோசிப்பதில்லை, டெங்குதான். முதலில் போன இடத்திலும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டு பிளேட்லெட் ஏற்றினார்கள். மறுநாள் 22,000, அதற்கடுத்த நாள் 8,000. காய்ச்சலே இல்லாத பெண்ணுக்கு என்ன டெங்கு என்று கேட்டது டாக்டர் இல்லை, ராத்திரி டூட்டி நர்ஸம்மா.

வெளியே இருந்து எத்தனை பை ஏற்றினாலும் உடம்பு அதையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. சாதாரணமாக எட்டு, பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டிய பிளேட்லெட், அதாவது தட்டணு, ஐ.டி.பி. என்ற இந்த நோயில் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். நம் எதிர்ப்புச் சக்தியே அதை எதிரி என்று முத்திரை குத்திவிட, மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. ஆபத்தான ரத்தப்போக்கு இருந்தால் ஒழிய ஏற்றிப் பிரயோஜனம் இல்லை. என் தம்பி மகன் பட்டாபிராமிலிருந்து நாலு பையன்களைக் கூட்டி வந்து ரத்தம் கொடுக்க வைத்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த நாலு பையும் வீண்.

அப்புறம் வைசலோன். ஸ்டீராய்டில் கவுண்ட் ஏறும், டோஸைக் குறைத்தால் இறங்கும். முகம் உப்பி, பருக்கள் வந்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுவாள். அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு ஸ்டீராய்டை ஆறு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம் என்று இருக்கிறது. எங்களுக்கு ஐந்து மாதம் இழுத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுத்தேன்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. ஸ்டீராய்டு சரிவராமல் எல்ட்ரோம்போபேக் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, அழிவதைவிட வேகமாகத் தட்டணுவைச் செய்ய வைக்கும் மருந்து. விலையைக் கேட்டு மருந்துக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். திருநின்றவூர்ப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த அரை கிரவுண்டு அந்த வாரம் கைமாறியது.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாத்திரையை யார் கையிலும் விடுவேனா? நானே எடுத்துக்கொண்டேன். காலை 6 மணிக்கு எழுப்புவேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும் என்று எங்கள் அம்மா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன். ஒரு டம்ளர் பால், எல்ட்ரோம்போபேக், ஸ்டீராய்டால் எலும்பு தேயக்கூடாது என்று எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை, மூன்றும் ஒன்றாக. அரை மணி கழித்துக் கேழ்வரகுக் கஞ்சி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், டோஸ், கவுண்ட். வரைபடம்கூடப் போட்டேன், எங்கள் கம்பெனி கன்ட்ரோல் சார்ட் மாதிரி. பால் மட்டும் அந்த நோட்டில் இல்லை. பாலை யாராவது எழுதுவார்களா?

மூன்றாவது நாளே மகள் மாத்திரைப் பெட்டியிலிருந்த தாளை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, இதப் பாலோட போடக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள்.

"டாக்டர் சொன்னாரா?"

"சொல்லல. இதுல இருக்கு."

"அதுல ஆயிரம் இருக்கும். தலை சுத்தும், வாந்தி வரும்னுகூடத்தான் இருக்கும். குடிம்மா."

குடித்தாள். 25-ல் ஆரம்பித்த டோஸ் 50 ஆனது, 75 ஆனது. கவுண்ட் 11,000, 14,000, 10,000. ஏழாவது வாரம் ஃபைலில் 'மருந்துக்குக் கட்டுப்படவில்லை' என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரி அடுத்த எட்டு மாதத்தைத் தின்றது. வாரம் ஒன்றாக நாலு ரிடுக்ஸிமேப் ஊசி, ஒரு செமஸ்டர், என் பி.எஃப். பணம். முதல் ஊசியிலேயே நடுக்கம் கண்டு நிறுத்தி, மெதுவாக்கி ஏற்றினார்கள். கவுண்ட் 40,000 வரை போய், தீபாவளிக்குள் பழைய இடத்துக்கே வந்தது. அடுத்து மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று பேச்சு.

என் மைத்துனருக்கு அதில் ரொம்ப ஆர்வம். "ஒரே ஆபரேஷன், முடிஞ்சுது மச்சான்" என்பார், ஏதோ பல் பிடுங்குகிற மாதிரி. மூன்றில் இரண்டு பேருக்கு அது கைகொடுக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மண்ணீரல் இல்லாத உடம்புக்குச் சில கிருமிகள் ஆயுசு முழுக்க ஆபத்து. அறுப்பதற்கு இரண்டு வாரமாவது முன்பே நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல் தடுப்பூசிகள் போட வேண்டும். ரிடுக்ஸிமேப் ஏற்றிய ஆறு மாதத்துக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. இதைச் சொன்னபோது மைத்துனர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. கோழை என்றார்கள். பரவாயில்லை.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் ரோட்டைப் பிடித்தால் நேராக ராணிப்பேட்டை. அங்கே சி.எம்.சி. வளாகத்துக்கு ஃபைலோடு போனோம். காத்திருந்த நேரத்தில் மகள் ஒரு கதை சொன்னாள். 1950-ல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், இதே நோய் வந்த ஒரு பெண்ணின் ரத்தத்தை அரை லிட்டர் அளவுக்குத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டாராம். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணு தரைக்கு வந்தது, வலிப்பும் வந்தது. சில நாளில் தேறினார். குற்றவாளி ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று என்று அப்படித்தான் உறுதியானது. "நீங்க ஹாஸ்டல் சாப்பாட்டாலன்னு சொல்லிட்டிருந்தீங்களே" என்று முடித்தாள். நான் சொன்னது வாஸ்தவம்தான்.

உள்ளே டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டினார். நல்லா எழுதியிருக்கீங்க என்றார். எனக்குப் பெருமை. அப்புறம் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்து, "அந்த எல்ட்ரோம்போபேக் மாத்திரைய எப்படிம்மா போட்டுட்டிருந்த?" என்றார்.

"காலைல ஆறு மணிக்கு. பால்ல. கால்சியம் மாத்திரையும் சேர்த்து."

அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானாகத்தான் சொன்னேன், இவ அப்பவே சொன்னா மேடம், நான்தான் கேக்கல என்று.

கால்சியம், இரும்புச் சத்து, ஜெலுசில் வகையறா எல்லாம் குடலிலேயே அந்த மாத்திரையைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும், ரத்தத்துக்குள் போக விடாது. பால், தயிர், கேழ்வரகு, சத்து டானிக் என்று தெம்புக்காக நாம் ஓடி ஓடிக் கொடுப்பதெல்லாம் அதற்கு எதிரி. இவற்றைச் சாப்பிட்டால் நாலு மணி நேரம் கழித்து மாத்திரை, மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் கழித்து இவை. நம் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு தயிர் சாதத்தில்தான் முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாங்கள் தயிரை மதியத்துக்கு மாற்றினோம். ஏழு மணிக்கு ரசம் சாதம், பத்தரைக்கு வெறும் தண்ணீரில் மறுபடி அதே மாத்திரை. பழைய 50-லேயே. இரண்டாவது வாரம் 38,000. ஐந்தாவது வாரம் 84,000. ஈரலுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை உண்டு, அதை விடுவதில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. உடம்பு வலி என்றால் பாராசிட்டமால்தான். புரூஃபென், ஆஸ்பிரின், வோவரான் பக்கமே போகக் கூடாது. தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட வந்தால் தடுத்துவிடுங்கள். கவுண்டை ஒரே லேபில் எடுங்கள். ஒரு தடவை ராத்திரி 4,000 என்று ரிப்போர்ட் வந்து சி.டி.எச். ரோட்டில் ஆட்டோவில் பறந்தோம். டியூபைச் சரியாகக் குலுக்காததால் தட்டணுக்கள் கட்டி தட்டிப்போயிருந்தன, மறுபடி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் 46,000. எண்ணை மட்டும் பார்க்காமல் புள்ளி இருக்கிறதா, ஈறு கசிகிறதா என்றும் பாருங்கள். எஸ்டேட்டில் ஜெனரல் ஷிப்ட் என்றால் ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமை பர்மிஷன் போட்டுக்கொள்ளுங்கள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் மாட்டாதீர்கள்.

கவுண்ட் தரையில் கிடந்த நாளில் மகளின் ஸ்கூட்டிச் சாவியை நான் ஒளித்து வைத்தேன், அது சரிதான் என்று இன்றும் சொல்வேன். 10,000-ல் தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அதனால்தான் அவளாகவே ரயிலுக்கு மாறியிருப்பாள், கேட்டிருக்கலாம் என்கிறாள் மனைவி. இருக்கலாம். நோட்டு இப்போது மகளிடம். கவுண்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், சில மாதம் அனுப்ப மாட்டாள். நான் கேட்பதில்லை. ஒரு தடவை கேட்டேன், இரண்டு நாள் பேசவில்லை.

மகள் இப்போது வேலை கிடைத்து கிண்டிக்குப் போய் வருகிறாள். எங்கள் அக்கா ஒரு காலத்தில் தினம் பப்பாளி இலையை அரைத்து வடிகட்டிப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொடுத்தனுப்பியவள். மகள் நாலு நாள் குடித்து வாந்தி எடுத்ததும் நான் நிறுத்திவிட்டேன், அக்காவிடம் சொல்லவில்லை. போன மாதம் திருமுல்லைவாயல் கோயிலில் பக்கத்துத் தெரு அம்மாவிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இங்கிலீஷ் மருந்தெல்லாம் கைவிட்டுடுச்சு. என் பப்பாளி இலைதான் எந்திரிச்சு உட்கார வெச்சுது." பிரசாதத்தை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன்.