ஓடுங் கொள்கலத்துட் புகுதல்

கணினியில் ஒரு செய்நிரலையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புக்களையும் ஒருங்கே அடைத்து, ஏனையவற்றினின்றும் பிரித்து இயக்கும் அமைப்பைக் கொள்கலம் என்பர். 2013ஆம் ஆண்டு வெளிவந்த டொக்கர் இம்முறையை எங்கும் பரப்பியது. ஓடுங் கொள்கலத்தினுட் பழுது நேரின் உட்சென்று நோக்குவது எங்ஙனம்?

முதற்கண், 'டொக்கர் பீஎஸ்' என்னுங் கட்டளையால் ஓடுங் கொள்கலங்களின் பெயர்களை அறிக. பின்னர் உட்புக வழிகள் இரண்டுள.

ஒன்று 'அற்றாச்'. இது கொள்கலத்தின் முதற் செய்நிரலோடு நம் விசைப்பலகையை நேரே பிணைக்கும். வெளியேறக் கருதிக் 'கொன்ட்ரோல்' விசையையும் 'சீ' விசையையுஞ் சேர்த்து அழுத்தின், அக்குறி அச்செய்நிரலையே சென்றடையும். அது நின்றாற் கொள்கலமும் நிற்கும். மாணாக்கர் கணினியில் விடை எழுதிக்கொண்டிருந்த வேளையில் யானும் ஒருகால் இவ்வாறு செய்து நாணினேன்.

மற்றையது 2014இல் வந்த 'எக்செக்'. 'டொக்கர் எக்செக்' என எழுதி, சிறுகோட்டுடன் 'ஐரீ' என்பதையும், கொள்கலத்தின் பெயரையும், ஈற்றில் 'எஸ்எச்' என்பதையும் முறையே தருக. 'ஐ' உள்ளீட்டைத் திறந்து வைக்கும். 'ரீ' முனையத்தை அளிக்கும். 'எஸ்எச்' நம் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும். இவ்வழி புதியதொரு செயலைத் தொடக்குதலின், 'எக்சிற்' என எழுதி நீங்கினும் முதற் செய்நிரல் இடையறாது ஓடும்.

இன்னுமொன்று: கொள்கலத்தினுட் செய்த திருத்தம், அக்கொள்கலம் நீக்கப்படும்போது உடனழியும். ஆதலின், மாணாக்கர்காள், உட்சென்று நோயை அறிமின். மருந்தையோ கொள்கலம் பிறந்த மூலப்படிமத்திற்கே இடுமின்.