பூட்டு கிடைத்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

எஸ்டிஎம்32எச்745 சில்லில் எம்7, எம்4 ஆகிய இரண்டு கோர்களும் ஒரே ஐ2சி கன்ட்ரோலர் வழியாக ஈப்ராமையும் வெப்ப சென்சாரையும் தொட வேண்டும், ஷேர்டு மெமரியில் ஒரு கொடி வைத்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. எம்7-க்கு டேட்டா கேஷ் உண்டு. அது எழுதியது எம்4 கண்ணில் எப்போது படும் என்று சொல்ல முடியாது. கேஷை அணைத்தாலும், கொடியைப் படித்துவிட்டு அதில் எழுதுவதற்குள் மற்ற கோர் நுழைந்துவிடும்.

இதற்காகவே அந்தச் சில்லில் 32 ஹார்டுவேர் செமஃபோர்கள் இருக்கின்றன. ஒரு ரெஜிஸ்டரைப் படிப்பதே பூட்டைக் கேட்பதுதான். பதிலில் உன் கோரின் ஐடி வந்தால் பூட்டு உனக்கு. ஆனால் ஒரே கோரில் ஓடும் இரண்டு டாஸ்க்குகள் இப்படிக் கேட்டால் இரண்டுக்கும் 'உனக்குத்தான்' என்றே பதில் வரும். ஆகவே முதலில் ஆர்டிஓஎஸ் மியூடெக்ஸ், அதற்குப் பிறகே செமஃபோர். லினக்ஸ் கர்னலும் இப்படித்தான், உள்ளூர் ஸ்பின்லாக்கை எடுத்த பிறகே ஹார்டுவேர் பூட்டைத் தொடுகிறது. இன்னொன்று: பூட்டை எடுக்காமல் ஐ2சி ரெஜிஸ்டரில் எழுதும் கோரை இந்தச் செமஃபோர் தடுக்காது.

எதைப் பூட்டுகிறாய் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஈப்ராமுக்கு முகவரியை எழுதுவதும் அங்கிருந்து படிப்பதும் சேர்ந்து ஒரே வேலை. நடுவில் பூட்டை விட்டால் மற்ற கோர் வேறு முகவரியை எழுதிவிடும்; உனக்குத் தப்பான இடத்து டேட்டா வரும், எரர் எதுவும் வராது. அதற்காகத் தேவைக்கு மேல் பிடித்து வைக்கவும் கூடாது. 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு 9 கிளாக், அதாவது 22.5 மைக்ரோசெகண்ட். 32 பைட்டுக்கு 0.7 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். 480 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எம்7 அதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் மூன்று லட்சம் சைக்கிளுக்கு மேல் வீண். செமஃபோர் விடுபடும்போது இன்டரப்ட் வரும், அதைப் பயன்படுத்து.

பூட்டு கைக்கு வந்ததும் கன்ட்ரோலர் நீ விட்ட நிலையிலேயே இருக்கும் என்று நம்பாதே. டைமிங் ரெஜிஸ்டரை மறுபடி எழுது. கிளாக் எனேபிள் பிட் ஒவ்வொரு கோருக்கும் தனி. எம்7 மட்டும் போட்டிருந்தால், அது தூங்கப் போகும்போது எம்4 வேலையின் நடுவிலேயே கிளாக் நின்றுவிடலாம். இன்டரப்ட்டோ இரண்டு கோருக்கும் போகும். பூட்டு இல்லாத நேரத்தில் உன் பக்கம் அதை மூடி வை. இல்லையென்றால் மற்ற கோருக்கு வந்த பைட்டை உன் ஐஎஸ்ஆர் படித்துவிடும். அந்த பைட் போனது போனதுதான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதில் தலைவலி உண்டு. இன்டெலின் பே டிரெயில் சில்லுகளில், பவர் சிப்புக்குப் போகும் ஐ2சி பஸ்ஸை சிபியுவும் பி-யூனிட் என்ற உள் கன்ட்ரோலரும் பகிர்ந்துகொள்கின்றன. நடுவே ஒரு செமஃபோர். சிபியு அதைக் கையில் வைத்துக்கொண்டே சி6, சி7 என்ற ஆழ்தூக்கத்துக்குப் போனால், பி-யூனிட் பவர் சிப்போடு பேச வேண்டியிருக்கும். பஸ்ஸோ சிபியு கையில். மொத்த சிஸ்டமும் உறைந்துவிடும். பூட்டைப் பிடித்திருக்கும் வரை அந்தத் தூக்க நிலைகளைத் தடுத்து வைக்கும்படி லினக்ஸ் டிரைவரைத் திருத்தினார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் ஸ்கிமேட்டிக்கைத் திற. உன் சில்லில் நான்கு ஐ2சி உண்டு. பின்கள் இடம் கொடுத்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடு. முடியாவிட்டால் கன்ட்ரோலரை எம்4 கையில் மட்டும் கொடு. எம்7 கேஷ் படாத மெமரியில் வரிசை வைத்துக் கோரிக்கை அனுப்பட்டும். கொஞ்சம் தாமதம் கூடும், சென்சார் படிக்க அது பெரிதில்லை.

பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால், படிக்கும் நடுவில் எம்4-ஐ டீபக்கரில் நிறுத்திப் பார். எம்7 டைம்-அவுட் ஆகி, எம்4 செத்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, கிளியர் ரெஜிஸ்டரில் கீயை எழுதிச் செமஃபோரை விடுவிக்க வேண்டும். ஈப்ராம் எஸ்டிஏ கம்பியைக் கீழே பிடித்தபடி நிற்கக்கூடும். எஸ்சிஎல் பின்னை ஜிபிஐஓ ஆக்கி 9 பல்ஸ் வரை கொடுத்து, ஸ்டாப் அனுப்பு. ஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்