முதல் சிறுநீரைக் கொட்டிவிடாதீர்கள்

"எத்தனை பெக் அடிச்சே?" என்றுதான் அந்த டூட்டி டாக்டர் முதலில் கேட்டார். நான் குடித்தது பேப்பர் கப்பில் பாதி லெமன் சோடா. போன தை மாதம், ஈ.சி.ஆர். பக்கம் ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சியில்.

முன்யோசனை இல்லாமல் நாங்கள் போகவில்லை. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்கு டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பியதையும், நெரிசலில் பெண்கள் சீண்டப்பட்டதாக வந்த புகார்களையும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அதனால் ஓரத்து நாற்காலி, வெளியே வரும் வழி, தம்பி கார் நிறுத்தும் இடம் எல்லாம் பார்த்துவைத்தோம். பயமெல்லாம் கூட்டத்தின் மேலேயே இருந்தது. பக்கத்து வரிசைப் பையன் ஒருவன், "க்யூ பெருசா இருக்கு, உங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டு வரேன்" என்றான். மரியாதையாகப் பேசினான், சரியென்றோம். பாதி குடித்துவிட்டு, கப்பை நாற்காலிக்கு அடியில் வைத்து, இரண்டு பாட்டுக்கு எழுந்து ஆடினேன். கலந்தது அவனா, பின்னால் இருந்த யாராவதா, என்னால் சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் நாக்கு தடித்தது. மேடை விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. தோழிதான் என்னை இழுத்துவந்து காரில் ஏற்றினாள்.

மூடி உடைக்காத பாட்டிலை நீங்களே வாங்குங்கள், கீழே வைத்ததைத் திரும்ப எடுக்காதீர்கள், ஒருத்தி ஆடினால் ஒருத்தி உட்காருங்கள். இவை உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. யாரும் எனக்குச் சொல்லித்தராதது, மயங்கியதற்குப் பிந்திய இருபது மணி நேரத்தைப் பற்றி.

நான் குடித்திருக்கிறேன் என்று அம்மா நினைத்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் மோர் கொடுத்துப் படுக்கவைத்தாள். மறுநாள் பதினொரு மணிக்கு எழுந்தேன். பாத்ரூம் போனேன், தலைக்குக் குளித்தேன். போட்டிருந்த உடுப்பு அதற்குள் வாஷிங் மெஷினில். தோழி போன் செய்து "அது சோடாடி, உனக்கு ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து. அந்த டாக்டர் ரத்தம் எடுக்கவில்லை, ஏ.ஆர். எண்ட்ரி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் பதிவு) போடவில்லை. "ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப் பானத்தில் கலக்கப்படும் ஜி.ஹெச்.பி. என்ற மருந்து ஏறக்குறைய 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து போய்விடும். ரத்தத்திலிருந்து அதற்கும் முன்பே. ரயிலில் டீயிலும் பிஸ்கட்டிலும் கலந்து கொடுத்து நகையை அடிக்கிறவர்கள் பயன்படுத்தும் தூக்க மாத்திரை ரகங்கள் சில நாள் தங்கலாம், ஆனால் அதற்கென்று கேட்டுச் சோதித்தால்தான் தெரியும். என் கப்பில் இருந்தது சாராயமா, மாத்திரையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆகவே உங்கள் தம்பியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: வீட்டுக்கு வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. உங்கள் அம்மாவும் அப்பாவிடம் மறைக்கத்தான் பார்ப்பாள். மயக்கம் அதிகமானால் 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோர், காபி எதையும் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முதல் சிறுநீரை மெடிக்கல் ஷாப்பில் விற்கும் டப்பாவில் பிடித்து, நேரம் எழுதி, டாக்டரிடம் கொடுங்கள். உடுப்பைத் துவைக்காதீர்கள். ஏ.ஆர். எண்ட்ரி போடும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்.

நான் முதலில் போன போலீஸ் ஸ்டேஷனில் "எங்க லிமிட் இல்லை" என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர் சொல்லியே கேளுங்கள். குற்றம் செய்யும் நோக்கத்தோடு மயக்க மருந்து கொடுப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 123ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை உண்டு. எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் அந்த ஸ்டேஷன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. இடது கையில் ஒரு சிவந்த புள்ளி இருந்தது. 2025 ஜூன் 21 அன்று பிரான்ஸ் முழுக்க நடந்த இசைத் திருவிழாவில் 145 பேர் ஊசியால் குத்தப்பட்டதாகச் சொன்னதைப் படித்திருந்தேன். கொசுக்கடியாகக்கூட இருக்கலாம், ஆனாலும் தூக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள் காலை தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போனேன். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். 2004இல் அரசு எச்.ஐ.வி.க்கு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையை முதன்முதலில் ஆரம்பித்த எட்டு மருத்துவமனைகளில் ஒன்று. ஊசி குத்தியதாகச் சந்தேகம் இருந்தால், தேவையா என்று பார்த்து எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தருவார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அங்கே யாரும் என்னிடம் எத்தனை பெக் என்று கேட்கவில்லை. என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள்.

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல யாராவது பார்த்தா என்ன நெனப்பாங்க?" என்றார் பெரியம்மா. கச்சேரிக்குப் போனதே தப்பு என்பது அவர் முடிவு. நான் ஆடியது தப்பில்லை பெரியம்மா, கலந்தவன் செய்ததுதான் தப்பு. அடுத்த மாத நிகழ்ச்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். தோழிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதை அம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள்.